செங்கமாரியும் சத்திரசிகிச்சைப் புண்ணும்



ஒருவருடைய கண்ணின் வெண்விழி மஞ்சள் நிறங் கொள்ளத் தொடங்கினால், நோய் இன்னதென வைத்தியர் கூறுமுன்னரே வீட்டிலுள்ள மூத்தோர் கூறிவிடுவர். செங்கமாரி என்றும், காமாலை என்றும், மஞ்சட்காமாலை என்றும் வழங்கப்படும் அந்நிலை அத்துணை வெளிப்படையானது. அதனைப்பற்றித் தமிழ் மக்களிடையே நெடுங்காலப் பழக்கங்கள் சிலவும் உள. கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரிற் கலந்து கொடுப்பர். எண்ணெயையும் பொரித்த பண்டங்களையும் விலக்குவர். சில வாரங்களில் மஞ்சள் இறங்கிவிடும் என்று காத்திருப்பர்.

ஆனால், எல்லாச் செங்கமாரியும் காத்திருந்தால் இறங்குவதில்லை. சிலருக்கு வைத்தியசாலையிற் படம் பிடித்துப் பார்த்தபின், "பித்தக்கானிற் கல் அடைத்திருக்கிறது" என்றோ, "சதையியின் தலைப்பகுதியிற் கட்டியொன்று உண்டு" என்றோ வைத்தியர் கூறுகின்றார். சத்திரசிகிச்சை வேண்டும் என்றுங் கூறுகின்றார். அப்பொழுது வீட்டாரின் உள்ளத்தில் எழும் முதற் கேள்வி ஒன்றே: உடம்பெல்லாம் மஞ்சள் ஏறியிருக்கும்பொழுது கத்தி வைக்கலாமா? வைத்தால் அந்தப் புண் ஆறுமா?

இக்கேள்வி அறியாமையாற் பிறந்ததன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் உலகின் தலைசிறந்த சத்திரவைத்தியர்களும் இதே கேள்வியைக் கேட்டுத் தயங்கி நின்றனர். அதற்கு விடை காண வைத்திய உலகம் ஏறத்தாழ நூறாண்டுகளாக முயன்று வந்திருக்கின்றது. அம்முயற்சியின் வரலாற்றையும், அதனால் இன்று தெளிவாகியிருக்கும் உண்மைகளையும் எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில், மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிதல் வேண்டும். குருதியிலுள்ள செங்கலம் ஒன்று ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து பின்னர் அழிகின்றது. அழிந்த கலத்தின் செந்நிறப் பொருள் சிதைவதனால் உண்டாகும் கழிவே பிலிரூபின் என்னும் மஞ்சட் பொருள். குருதி அதனை ஈரலுக்குக் கொண்டு செல்கின்றது. ஈரல் அதனை நீரிற் கரையத்தக்க உருவினதாக மாற்றிப் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்புகின்றது. நாளொன்றுக்கு அரை இலீற்றர் முதல் ஒரு இலீற்றர் வரையிற் பித்தநீர் இவ்வாறு சுரக்கின்றது. நலமுள்ள ஒருவரின் குருதியில் நூறு மில்லி இலீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மில்லி கிராம் அளவே பிலிரூபின் இருக்கும். அது இரண்டு அல்லது மூன்று மில்லி கிராமைத் தாண்டும்பொழுதே கண்ணில் மஞ்சள் தெரியத் தொடங்குகின்றது.

இந்தப் பாதையில் மூன்று இடங்களிற் கோளாறு நேரலாம். செங்கலங்கள் அளவுக்கு மீறி அழிந்தால், ஈரல் ஈடுகொடுக்க இயலாமற் பிலிரூபின் தேங்கும். ஈரலே நோயுற்றாலும் தேங்கும். அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஈரலழற்சியும், வயல்களில் வேலை செய்வோரைப் பீடிக்கும் எலிக்காய்ச்சலும், மதுவினால் வரும் ஈரற் கேடும் இவ்வகையைச் சார்ந்தன. மூன்றாவது, ஈரல் தன் கடமையைச் செய்தும் பித்தநீர் வெளியேறும் வழி அடைபட்டுப்போவது. கல், கட்டி, கானின் சுருக்கம் ஆகியவை அதற்குக் காரணமாகும். இதுவே அடைப்புச் செங்கமாரி. இதிற் பித்தம் குடலை அடையாமையால் மலம் களிமண் போல் வெளுக்கும். குருதியிலுள்ள மஞ்சட் பொருள் சிறுநீர் வழியே கழிவதனாற் சிறுநீர் பால் சேராத தேநீரைப்போற் கறுக்கும். பித்த உப்புக்கள் உடலெங்கும் பரவுவதனால் தாங்கொணாத அரிப்பும் உண்டாகும். சத்திரவைத்தியரிடம் பெரும்பாலும் வருவது இம்மூன்றாம் வகையே. ஆகையால் புண் ஆறுதல்பற்றிய பேச்சும் பெரும்பாலும் இதனைச் சுற்றியே அமைகின்றது.

இனி, புண் எவ்வாறு ஆறுகின்றது என்று பார்ப்போம். சத்திரவைத்தியர் தையலிட்டுச் சேர்த்த இரண்டு விளிம்புகளையும் உண்மையில் ஒட்டவைப்பது நூலன்று, நோயாளியின் உடலே. நூல் செய்வதெல்லாம் உடல் தன் வேலையை முடிக்கும்வரை விளிம்புகளைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். முதலிற் குருதி உறைந்து இரத்தப்பெருக்கு நிற்கவேண்டும். அடுத்து, வெண்குருதிக் கலங்கள் அவ்விடத்திற் கூடி, இறந்த பொருட்களையும் நுண்ணுயிர்களையும் அகற்றவேண்டும். மூன்றாம் நான்காம் நாள் தொடங்கி, நார்களை உண்டாக்கும் கலங்கள் வந்து சேர்ந்து கொலாசன் என்னும் புரத நாரைப் பின்னத் தொடங்குகின்றன. இரண்டு மூன்று வாரங்கள் அந்த வேலை மும்முரமாக நடைபெறும். பின்னர், பின்னிய நார்கள் இறுகியும் ஒழுங்குபட்டும் வலுப்பெறுவதற்கு மாதக்கணக்கான காலம் செல்லும். அவ்வாறு முற்றிய தழும்பும் பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கையே அடைகின்றது. முதல் வாரத்திலோ புண்ணுக்குத் தன் வலுவென்று சொல்லத்தக்கது மிகச் சொற்பம். அப்பொழுது ஒருவர் இருமினாலும் தும்மினாலும் அந்த விசையைத் தாங்குவது தையலே.

கொலாசன் நாரைக் கயிற்றுக்கு ஒப்பிடலாம். தென்னந்தும்பிலிருந்து கயிறு திரிப்போர் புரிகளைச் சேர்த்து முறுக்குவதுபோல், உடலும் மூன்று புரதப் புரிகளை ஒன்றோடொன்று முறுக்கியே கொலாசனை ஆக்குகின்றது. முறுக்கு அவிழாமல் நிலைக்கவேண்டுமானால், புரிகளில் ஒரு சிறு இரசாயன மாற்றம் நிகழவேண்டும். அதனைச் செய்வது புரோலைல் ஐதரொக்சிலேசு என்னும் நொதியம். அந்த நொதியம் இயங்குவதற்கு உயிர்ச்சத்து சீ இன்றியமையாதது. 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் யோன் கிராண்டன் என்னும் இளஞ் சத்திரவைத்தியர் தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தி இதனை விளக்கினார். உயிர்ச்சத்து சீ சிறிதும் இல்லாத உணவையே மாதக்கணக்காக உண்டார். மூன்று மாதங்களின்பின் அவர் உடம்பில் இட்ட புண் நன்றாக ஆறியது. ஆறு மாதங்களின்பின் இட்ட புண்ணோ மேற்றோலில் மூடியதுபோற் காணப்பட்டும் உள்ளே ஒட்டாதிருந்தது. உயிர்ச்சத்தைக் கொடுத்த பின்னரே அதுவும் ஆறத் தொடங்கியது. மேலே ஆறியதுபோற் காணப்படும் புண் உள்ளே ஆறாதிருக்கக்கூடும் என்னும் இந்தப் பாடம் செங்கமாரி நோயாளிக்கும் மிகப் பொருந்துவது.

செங்கமாரி இந்த வேலையின் எந்தப் படியிற் குறுக்கிடுகின்றது? ஒரு படியில் மட்டுமன்று. ஏறத்தாழ ஒவ்வொரு படியிலும் என்பதே விடை.

முதற் படியாகிய குருதியுறைதலை எடுத்துக்கொள்வோம். 1930-களுக்கு முன்னர்ச் செங்கமாரி நோயாளிக்குச் சத்திரசிகிச்சை செய்தோர் மிக அஞ்சியது இரத்தப்பெருக்கையே. சத்திரசிகிச்சை செவ்வனே முடிந்திருக்கும், கட்டும் காய்ந்திருக்கும், இரண்டொரு நாள் கழித்துப் புண்ணின் ஓரங்களிலிருந்தும் வயிற்றினுள்ளும் இரத்தம் கசியத் தொடங்கும், எவ்வளவு முயன்றாலும் நிற்காது. கல்சியம் உப்பைக் கொடுத்துப் பார்த்தனர். பிறருடைய குருதியை ஏற்றிப் பார்த்தனர். நோயாளிகள் பலர் இறந்தனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

விளக்கம் வந்தது வைத்தியசாலையிலிருந்தன்று, கோழிக்குஞ்சுகளிலிருந்து. டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்கேகனில் என்றிக் டாம் என்னும் இரசாயன அறிஞர், கொழுப்பு நீக்கிய உணவைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அக்குஞ்சுகளின் தோலின் கீழும் தசையினுள்ளும் இரத்தம் கசிவதை அவர் 1929-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அறியப்பட்ட உயிர்ச்சத்து எதனாலும் அக்குறை தீரவில்லை. கொழுப்பிற் கரையும் புதியதோர் உயிர்ச்சத்து உண்டென அவர் துணிந்து, குருதியுறைதலைக் குறிக்கும் அந்நாட்டுச் சொல்லின் முதலெழுத்தைக்கொண்டு 1935-இல் அதற்குக் கே என்று பெயரிட்டார். அமெரிக்க அறிஞர் எட்வேட் டொய்சி 1939-இல் அதன் இரசாயன அமைப்பை வெளிப்படுத்தினார். இருவருக்கும் 1943-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

கோழிக்குஞ்சுக்கும் செங்கமாரிக்கும் தொடர்பு யாதெனிற் கூறுவோம். உயிர்ச்சத்து கே இலைக்கறிகளில் நிறைய உண்டு. குடல்வாழ் பற்றீரியாக்களும் ஓரளவு ஆக்குகின்றன. ஆனால் அது கொழுப்பிற் கரைவது. கொழுப்பு உடலிற் சேரவேண்டுமானாற் குடலிற் பித்த உப்பு இருத்தல் வேண்டும். பித்தக்கான் அடைபட்டவருக்குக் குடலிற் பித்தமில்லை. ஆகவே அவர் எவ்வளவு கீரை உண்டாலும் அந்த உயிர்ச்சத்து உடலிற் சேராது. அது சேராதபொழுது, குருதி உறைவதற்கு ஈரல் ஆக்கவேண்டிய நான்கு முக்கிய காரணிகள் பயனற்றவையாக வெளிவருகின்றன. 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு குழுவினர், செங்கமாரி நோயாளிகளுக்கு உயிர்ச்சத்து கேயையும் பித்த உப்பையும் சேர்த்துக் கொடுத்து இரத்தக் கசிவைத் தடுக்கக் கண்டனர். அதன்பின்னர் நிலைமை மாறியது. இன்று சத்திரசிகிச்சைக்கு முன் குருதி உறையும் நேரத்தை அளந்து, குறையிருப்பின் ஊசிமூலம் அவ்வுயிர்ச்சத்தை ஏற்றுதல் வழமையாகிவிட்டது. இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஊசி போட்ட ஓரிரு நாளில் உறையும் நேரம் சீரானால், ஈரல் நலமாயுள்ளது, வழிமட்டுமே அடைபட்டது என்று பொருள். சீராகாவிட்டால் ஈரலே கெட்டிருக்கின்றது என்பதற்கு அது ஓர் அறிகுறி.

இரண்டாவது படி, தொற்றைத் தடுத்தல். குடலிலுள்ள பித்த உப்பு நுண்ணுயிர்களையும் அவற்றின் நச்சுப் பொருளையும் ஓரளவு கட்டுப்படுத்தி வைத்திருக்கின்றது. பித்தம் இல்லாதபொழுது நச்சுப் பொருள் குடற்சுவரைக் கடந்து ஈரலுக்குச் செல்கின்றது. அங்கே அதனை விழுங்கவேண்டிய காவற் கலங்களும் செங்கமாரியினாற் சோர்ந்திருக்கின்றன. எனவே நஞ்சு உடலெங்கும் பரவுகின்றது. நோயாளியின் எதிர்ப்பு வலிமை குன்றுகின்றது. குருதியழுத்தம் எளிதில் வீழ்கின்றது. சிறுநீரகம் பழுதுறும் அபாயமும் மிகுகின்றது. அடைபட்ட பித்தத்தில் நுண்ணுயிர்கள் பெருகினாற் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வரும். தொற்றுற்ற புண்ணோ ஆறுவதற்குப் பதிலாகச் சீழ்கொண்டு தையலை அறுக்கும்.

மூன்றாவது படி, நார் பின்னுதல். 1970-களில் இங்கிலாந்தின் ஆய்வாளர் சிலர் எலிகளின் பித்தக்கானைக் கட்டிச் செங்கமாரியை உண்டாக்கி, பின்னர் வயிற்றிற் புண்ணிட்டு ஆராய்ந்தனர். நார் ஆக்கும் கலங்கள் புண்ணுக்கு வந்து சேர்வது தாமதமாயிற்று என்றும், தொடக்க நாட்களிற் புண்ணின் வலு குறைந்திருந்தது என்றும் சில ஆய்வுகள் காட்டின. அடைப்புச் செங்கமாரி நோயாளிகளின் தோலில், முன்னர்க் கூறிய புரோலைல் ஐதரொக்சிலேசு நொதியத்தின் இயக்கம் குறைந்திருப்பதை 1974-இலும் 1990-இலும் வெளியான ஆய்வுகள் எடுத்துரைத்தன. அடைப்பை நீக்கியபின் அவ்வியக்கம் மீண்டும் உயர்ந்தமையும் காணப்பட்டது. கயிறு திரிப்பவர் கை சோர்ந்திருந்தார். சோர்வு நீங்கியதும் கை இயங்கிற்று என்று இதனை விளங்கிக்கொள்ளலாம்.

நான்காவது, மூலப்பொருட் குறை. வீடு கட்டுவோர் எத்துணைத் திறமையுடையவராயினும் கல்லும் சுண்ணாம்பும் இல்லாது கட்ட இயலாது. செங்கமாரி நோயாளிக்கு உணவில் விருப்பமில்லை, உண்ட கொழுப்பும் செரிப்பதில்லை, உயிர்ச்சத்து ஏ முதலியனவும் சேர்வதில்லை, உடல் மெலிகின்றது. குருதியிலுள்ள முதன்மையான புரதமாகிய அல்புமினை நாளொன்றுக்குப் பத்துக் கிராமுக்கு மேலாக ஆக்குவது ஈரலே. ஈரல் சோர்ந்தாலோ, உடலிற் காய்ச்சலும் தொற்றும் நீடித்தாலோ, அல்புமின் குறைகின்றது. குறைந்த அல்புமின், நோயாளியின் புண் ஆறுவதற்கான கையிருப்புக் குறைந்திருக்கின்றது என்பதற்கு நம்பத்தக்க அடையாளம்.

இங்கேதான் வைத்திய உலகில் ஒரு பெரும் வினா எழுந்தது. புண் ஆறாமைக்குக் காரணம் மஞ்சட் பொருள்தானா? அல்லது மஞ்சளோடு சேர்ந்துவரும் ஏனைய குறைகளா? எலிகளில் நடந்த சோதனைகளும் ஒருமுகமான விடையைத் தரவில்லை. சில ஆய்வுகளில் மஞ்சள் ஏறிய எலிக்கும் நலமான எலிக்கும் பெரும் வேறுபாடு காணப்படவில்லை. பிரித்தானியாவில் 1978-இலும் 1984-இலும் நோயாளிகளைப்பற்றி வெளியான ஆய்வுகள் இவ்வினாவை மேலும் கூர்மையாக்கின. செங்கமாரி நோயாளிகளில் வயிற்றுப் புண் பிரிதலும் பின்னர்ச் சரிவு உண்டாதலும் மிகுதி என்பது உண்மை. ஆனால் எவருக்கு மிகுதி? புற்றுநோயால் அடைப்பு நேர்ந்தவர்க்கு, குருதி குன்றியவர்க்கு, அல்புமின் குறைந்தவர்க்கு, தொற்று நேர்ந்தவர்க்கு. கல்லடைப்பினாற் சில நாட்களுக்கு முன்னர் மஞ்சளான, ஊட்டம் குன்றாத ஒருவருடைய புண் பெரும்பாலும் ஏனையோருடைய புண்போலவே ஆறுகின்றது. ஆகவே மஞ்சள் நிறம் குற்றவாளியென்று கருதுவதைவிட, குற்றவாளிகள் கூட்டமாக வந்திருக்கின்றனர் என்று அறிவிக்கும் காவற்காரனெனக் கருதுவதே பொருத்தம்.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுப் பேச்சன்று. சத்திரசிகிச்சையை எப்பொழுது செய்வது என்னும் முடிவு இதனையே பொறுத்துள்ளது. மஞ்சளே குற்றவாளியாயின், அதனை முதலில் இறக்கிவிட்டுப் பின்னரே கத்தியைத் தொடவேண்டும். மஞ்சளோடு வந்தவையே குற்றவாளிகளாயின், அவற்றைத் திருத்தினாற் போதும். மஞ்சள் இறங்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலாம் வழியை மேற்கொண்டவர்களுள் முன்னணியில் நின்றவர் நியூயோர்க் நகரின் அலன் விப்பிள் என்னும் சத்திரவைத்தியர். சதையியின் தலைப்பகுதியையும் அதனோடொட்டிய முன்சிறுகுடலையும் வெட்டியகற்றும் கடினமான சத்திரசிகிச்சை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1935-இல் அவரும் துணைவர்களும் வெளியிட்ட முறையின்படி, அது இரண்டு தவணைகளிற் செய்யப்பட்டது. முதலிற் பித்தம் குடலுக்கு இறங்குவதற்கு மாற்று வழி அமைப்பர். சில வாரங்களில் மஞ்சள் இறங்கி உடல் தேறியபின், மறுபடியும் வயிற்றைத் திறந்து கட்டியை அகற்றுவர். உயிர்ச்சத்து கே வந்தபின் இரத்தப்பெருக்கைப்பற்றிய அச்சம் தணிந்தது. 1940-ஆம் ஆண்டில் விப்பிள் முழுவதையும் ஒரே தவணையிற் செய்துகாட்டினார். ஒரு கோழிக்குஞ்சின் கதை நோயாளிக்கு ஒரு முழுச் சத்திரசிகிச்சையை மிச்சப்படுத்தியது எனலாம்.

பின்னர்க் கருவிகள் வளர்ந்தன. 1970-களில் வாய்வழியாக வளையுங் குழாயொன்றைச் செலுத்திப் பித்தக்கானின் வாயைத் திறந்து கல்லை எடுக்கும் முறை யப்பானிலும் ஜேர்மனியிலும் தொடங்கியது. 1980-ஆம் ஆண்டளவில் அதே வழியாக அடைப்பினூடே சிறு குழாயொன்றை இருத்திப் பித்தத்தை வடியவிடும் முறையும் வந்தது. இதனால் இன்று கல்லடைப்பு நோயாளிகள் பலருக்கு அடைப்பை நீக்க வயிற்றைத் திறக்கவேண்டிய தேவையே இல்லாது போயிற்று. புண்ணே இல்லையாயின் அது ஆறுமா என்னும் கவலையும் இல்லை. கட்டியினால் அடைப்பு நேர்ந்தவர்க்கோ, கத்தி வைக்காமலே மஞ்சளை இறக்கிவிட்டுப் பின்னர்ச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. பல நாடுகளில் அதுவே வழமையாயிற்று. பகுத்தறிவுக்கும் அது மிகப் பொருத்தமாகவே தோன்றியது.

ஆனால் தோற்றம் வேறு, சோதனை வேறு. நெதர்லாந்தில் நடந்து 2010-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இவ்வழமையை உரைத்துப் பார்த்தது. சதையித் தலைப்பகுதிக் கட்டியினாற் செங்கமாரி கொண்ட 202 நோயாளிகளைத் திருவுளச்சீட்டுப் போன்ற முறையால் இரு கூறாக்கினர். ஒரு கூறாருக்குக் குழாய் இருத்தி நான்கு முதல் ஆறு வாரம் பித்தத்தை வடியவிட்டுப் பின்னர்ச் சத்திரசிகிச்சை. மற்றக் கூறாருக்கு மஞ்சளோடேயே ஒரு வாரத்துக்குள் சத்திரசிகிச்சை. கடுமையான சிக்கல்கள், உடனே சத்திரசிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு நேர்ந்தன. முதலிற் பித்தத்தை வடியவிட்டவர்களிலோ நூற்றுக்கு 74 பேருக்கு நேர்ந்தன. குழாய் அடைபடுதலும், தூய்மையான பித்தத்தினுள் அக்குழாய்வழியே நுண்ணுயிர் புகுதலும், அதனால் வந்த காய்ச்சலும் இவ்வேறுபாட்டுக்குக் காரணங்களாயின.

இந்த ஆய்விலிருந்து, மஞ்சளை இறக்குதலே தவறு என்று முடிவு கட்டலாகாது. அதிற் சேர்க்கப்பட்டோர் மிக முற்றிய செங்கமாரியுடையோர் அல்லர். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டவர்க்குப் பித்தத்தை விரைவில் வடியவிடுதல் உயிர்காக்கும் செயல். பிலிரூபின் மிக உயர்ந்திருப்பவர்க்கும், ஈரலின் பெரும்பகுதியை அகற்றவேண்டியவர்க்கும், முதலிற் புற்றுநோய் மருந்து பெற்றுப் பல வாரம் கழித்தே சத்திரசிகிச்சைக்குச் செல்பவர்க்கும் அது வேண்டப்படுகின்றது. பிளாத்திக்குக் குழாயினும் நீண்ட நாள் அடைபடாத உலோகக் குழாய்களும் இப்பொழுது உள. ஆய்வு கற்பித்த பாடம் இதுவே: மஞ்சளை இறக்குதல் எல்லார்க்கும் பொதுவான விதியன்று, ஆளறிந்து செய்யவேண்டியது.

அடைப்பன்றி ஈரலே நோயுற்றதனால் மஞ்சளானவர் நிலை வேறு. கடுமையான ஈரலழற்சி நடந்துகொண்டிருக்கும்பொழுது, ஒத்திப்போடத்தக்க எந்தச் சத்திரசிகிச்சையையும் ஒத்திப்போடுதலே நன்று. மயக்க மருந்தும் அதிர்ச்சியும் சோர்ந்த ஈரலை மேலும் வீழ்த்தக்கூடும். ஈரல் கரணையாகி இறுகியவர்க்குச் சத்திரசிகிச்சை எத்துணை ஆபத்தானது என்பதைக் கணிப்பதற்கு 1964-இற் சைல்டும் ரேக்கோட்டும் வகுத்து, 1973-இற் பியூ என்பார் திருத்திய அளவுகோல் இன்றும் பயன்படுகின்றது. பிலிரூபின், அல்புமின், குருதி உறையும் நேரம், வயிற்றில் நீர் தேங்குதல், அறிவு மயங்குதல் என்னும் ஐந்தையும் அது கணக்கிடுகின்றது. மஞ்சள் அந்த ஐந்தில் ஒன்று மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது.

இனி, நோயாளியும் வீட்டாரும் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, காலந்தாழ்த்தாமை. மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, அரிப்பும் மெலிவும் கூடியிருப்பின் அது அடைப்பாக இருக்கக்கூடும். பச்சிலை மருந்து எதுவும் கல்லையோ கட்டியையோ பித்தக்கானிலிருந்து அகற்றாது. ஈரலழற்சி பெரும்பாலும் தானே தணிவது. அத்தணிவை மருந்தின் வெற்றியென எண்ணி, அடைப்புடையவரும் அதே மருந்தை நம்பி மாதக்கணக்காகக் காத்திருத்தல் பெருங்கேடு. அக்காலத்தில் உடல் மெலியும், அல்புமின் இறங்கும், கட்டி வளரும். புண்ணை ஆறவிடாமற் செய்வது அந்தக் காத்திருப்பே.

இரண்டாவது, உணவு. செங்கமாரி நோயாளிக்குக் கஞ்சித் தண்ணீரும் இளநீரும் மட்டும் கொடுத்து மற்றெல்லாவற்றையும் விலக்குவது சில வீடுகளில் வழக்கம். சத்திரசிகிச்சைக்குச் செல்லவிருப்பவரை அது பட்டினி போடுவதாகும். வைத்தியர் தடை சொல்லாதவிடத்து, முட்டை, மீன், பருப்பு, பயறு, பால் ஆகிய புரத உணவுகளைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தல் வேண்டும். நெல்லி, கொய்யா, தோடை, எலுமிச்சை ஆகியவற்றில் உயிர்ச்சத்து சீ நிறைய உண்டு. அது நீரிற் கரைவதாகையாற் பித்தம் இன்றியும் உடலிற் சேரும். எண்ணெயைக் குறைத்தல் வயிற்றுக்கு இதமானதே. எனினும் உணவையே குறைத்தல் வேறு. நீரும் போதிய அளவு அருந்தவேண்டும். வற்றிய உடலிலேதான் செங்கமாரி சிறுநீரகத்தைத் தாக்குகின்றது. வாயினால் உண்ண இயலாதவர்க்கு வைத்தியசாலையிலே குழாய்வழி உணவளிக்கும் முறையும் உண்டு.

மூன்றாவது, உண்மையை மறையாமை. புகைத்தலும் மதுவும் உண்டெனின் வைத்தியரிடம் கூறவேண்டும். இயன்றவரை அப்பொழுதே நிறுத்தவும் வேண்டும். நீரிழிவு இருப்பின் அதனைக் கட்டுப்பாட்டிற் கொண்டுவருதல் வேண்டும். உட்கொள்ளும் ஆங்கில மருந்தாயினும் நாட்டு மருந்தாயினும் அதன் பெயரைச் சொல்லவேண்டும். குருதியை இளக்கும் மருந்துகளைப்பற்றி இது சிறப்பாகப் பொருந்தும்.

நான்காவது, சத்திரசிகிச்சைக்குப் பின் புண்ணைப் பேணுதல். சத்திரவைத்தியர் தம் பங்குக்கு வேண்டிய காப்பைச் செய்துகொள்வர். வயிற்றுப் புண்ணைத் தைக்கும் நூல், புண்ணின் நீளத்தைப்போல் நான்கு மடங்கேனும் இருத்தல் வேண்டும் என்று ஜெங்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1976-இல் எடுத்துக்காட்டினார். நூல் குறைந்தால் தையல் இறுகித் தசையை அறுக்கும். விரைவிற் கரையாத நூலைத் தேர்வதும் இக்காப்பின் ஒரு கூறே. நோயாளி இருமும்பொழுது கைகளாலோ தலையணையாலோ வயிற்றை அணைத்துக்கொள்ளவேண்டும்; மூச்சுப் பயிற்சியைத் தவறாது செய்யவேண்டும்; பாரம் தூக்கலாகாது. ஐந்தாம் நாள் முதற் பத்தாம் நாள் வரையிலான காலமே மிகக் கவனமாயிருக்கவேண்டிய காலம். அப்பொழுது புண்ணிலிருந்து வெளிர் சிவப்பு நிற நீர் திடீரெனக் கசிந்து கட்டை நனைத்தால், தோல் மூடியே காணப்பட்டாலும், உள்ளே தசைப்படை பிரிந்திருக்கக்கூடும். உடனே தாதியிடம் தெரிவித்தல் வேண்டும். வீடு திரும்பியபின் நேர்ந்தாற் சுத்தமான ஈரத்துணியால் மூடி, நோயாளியைப் படுக்கவைத்தபடியே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். காய்ச்சல், குளிர் நடுக்கம், புண்ணைச் சுற்றிச் சிவத்தல், மஞ்சள் மறுபடி கூடுதல் ஆகியவையும் காத்திருக்கத்தக்கன அல்ல.

முன்னாளில் மஞ்சள் ஏறிய உடம்பைக் கண்டு சத்திரவைத்தியர் கத்தியைக் கீழே வைத்தனர். பின்னர் ஒரு காலம், மஞ்சள் இறங்குமட்டும் எவரையும் காத்திருக்கவைத்தனர். இன்று அவர்கள் கேட்பது, மஞ்சள் எவ்வளவு என்பதை மட்டுமன்று. ஏன் வந்தது, எத்தனை நாளாயிற்று, நோயாளி என்ன உண்கின்றார், குருதி உறைகின்றதா, தொற்று உண்டா என்பவற்றையே. இக்கேள்விகளுக்கு நல்ல விடை கிடைக்குமாயின், மஞ்சள் முற்றும் நீங்காத உடம்பிலும் புண் ஆறும். அவ்விடைகளைக் கெடுக்காமற் காப்பதிற் பாதிப் பொறுப்பு வைத்தியசாலையினுடையது. மறுபாதி, கண்ணில் மஞ்சளை முதலிற் காணும் வீட்டாருடையது.